ஹாம்பிள் முதல் ஃபில்டன் வரை: ஒரு ஃபிட்டரின் டைரி

பெங்களூர் எச்.ஏ.எல். விமான ஆலையில் 1972-இல் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த புதிதில் எங்கள் ஷாப்பில் ஓடிக்கொண்டிருந்தது நாட் சண்டை விமானத்தின் கடைசித் தொகுதி. அதன் டிராயிங்குகளின் மூலையில், அதை வடிவமைத்த ஃபோலண்ட் கம்பெனியின் பெயரும் ஹாம்பிள் என்ற ஊர்ப் பெயரும் போட்டிருக்கும். அந்த ஊர் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று அப்போது யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஃபோர்மேன் திட்டுவார்.

மகள் இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறாள். நான் வருவதற்கு முன்பே லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை என்று பட்டியல் போட்டு வைத்திருந்தாள். எனக்கு வேண்டியது வேறு. நான் பெயர் கேட்டு வளர்ந்த ஆலைகள் பலவற்றை மூடிவிட்டார்கள். சிலவற்றின் இடத்தில் மியூசியம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களே சம்பளமில்லாமல் வந்து நின்று பேசுகிறார்கள். அவர்களோடு பேசவேண்டும் என்பதுதான் என் திட்டம். "அப்பா, லீவுக்கு வந்தும் ஃபேக்டரியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 12, 2024, புதன். சவுத்தாம்ப்டன், ஹாம்பிள்

வெயில் அடிக்கிறது, ஆனால் காற்று எலும்பைத் தொடுகிறது. இதைத்தான் கோடை என்கிறார் மாப்பிள்ளை. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு போனேன். ரயிலில் எதிரே ஒரு பையன் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வந்தான்.

சவுத்தாம்ப்டனில் சோலண்ட் ஸ்கை மியூசியம். உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சாண்ட்ரிங்காம் பறக்கும் படகு, அதாவது தண்ணீரில் இறங்கும் பெரிய விமானம். படியேறி உள்ளே போகலாம். கூட்டம் அங்கேயும், இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர் பக்கத்திலும்தான். நான் தேடி வந்தது ஓரமாக நின்றது. நாட். இறக்கை முனைக்கு முனை 22 அடி 2 அங்குலம்தான். பெங்களூரில் இதன் பக்கத்தில் சாதாரணமாக நின்று வேலை செய்திருக்கிறேன். இங்கே மற்ற விமானங்களோடு சேர்த்துப் பார்க்கையில்தான் இத்தனை சின்னதா என்று இருந்தது.

குனிந்து சக்கரக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "எல்லாரும் மூக்கைப் பார்ப்பார்கள். கதவைப் பார்க்கிறவர் வேலை செய்தவராகத்தான் இருக்கும்." நீல ஸ்வெட்டர் போட்ட பெரியவர், வயது 79. இந்த விமானத்தில் சக்கரத்தைப் பாதி இறக்கினால் அந்தக் கதவுகளே காற்றில் பிரேக் பிடிக்கும். தனியாக ஏர் பிரேக் வைத்தால் எடை கூடும். வடிவமைத்த பெட்டருக்கு எடை என்றாலே ஆகாது என்றார். வெஸ்ட்லண்ட் கம்பெனியில் லைசாண்டர், இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியில் கான்பெரா விமானங்களைச் செய்துவிட்டு ஃபோலண்டுக்கு வந்தவர் அந்த டெடி பெட்டர். 1959-இல் கம்பெனியை ஹாக்கர் சிட்லி வாங்கியதும் விமானத் தொழிலையே விட்டுவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு மதக்குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டாராம். "எங்களுக்கு பென்ஷன், அவருக்கு மோட்சம்" என்றார் பெரியவர்.

இவர் 1961-இல் 16 வயதில் ஹாம்பிளில் சேர்ந்தவர். ஐந்து வருட அப்ரென்டிஸ். இங்கிலாந்து விமானப்படைக்கு இரட்டை இருக்கை நாட் பயிற்சி விமானங்கள் செய்துகொண்டிருந்த காலம். முதல் வாரமே ஸ்டோருக்கு அனுப்பி இடது கை ஸ்க்ரூடிரைவர் வாங்கி வரச் சொன்னார்களாம். ஸ்டோர்காரர் முகம் மாறாமல் "அது போன வாரமே தீர்ந்துவிட்டது, பெயிண்ட் ஷாப்பில் கேள்" என்று அனுப்பினாராம். என்னையும் இப்படித்தான் இடது கை ஸ்பேனருக்கு ஷாப் ஷாப்பாக அலைய விட்டார்கள். லைசென்ஸ் ஒப்பந்தம் 1956-இல் போட்டது. டிராயிங், டூல், பெட்டி பெட்டியாகப் பாகங்கள் எல்லாம் கப்பலில் வந்தன. இந்தக் குறும்பும் கூடவே வந்ததா, அல்லது எல்லா ஷாப்பிலும் தானாக முளைக்கிறதா தெரியவில்லை.

அவருக்கு நான் சொன்னது: 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட் விமானங்களை வீழ்த்தியதால் எங்கள் ஆட்கள் இதைச் 'சேபர் கொல்லி' என்றார்கள். 1971-இல் ஸ்ரீநகரில் இதே நாட் விமானத்தில் தனியாகச் சண்டை போட்டு இறந்த நிர்மல்ஜித் சிங் சேகோன்தான் இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "30 மில்லிமீட்டர் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்ளுமே, சரிசெய்தீர்களா?" என்று கேட்டார். தொழிற்சாலைக்காரனின் கேள்வி.

மதியம் மீனும் சிப்ஸும், 14 பவுண்டு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,500 ரூபாய் வருகிறது. மீன் நன்றாக இருந்தது, உப்பு இல்லை. மேசையிலிருந்த வினிகரை ஊற்றிய பிறகு உப்பும் இல்லை, மீனும் இல்லை.

ஹாம்பிளுக்கு பஸ். ஆற்றங்கரையில் பணக்காரர்களின் பாய்மரப் படகுகள் நிற்கும் அழகான கிராமம். இதையா நான் புகைக்கூண்டு ஊராகக் கற்பனை செய்திருந்தேன்! ஆலை இன்னும் இருக்கிறது, விமானப் பாகங்கள் செய்கிறார்கள். ஃபோலண்ட், ஹாக்கர் சிட்லி, பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், அப்புறம் அமெரிக்கக் கம்பெனி, இப்போது ஸ்பெயின்காரர்கள் என்று போர்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வாசலில் ஒரு நாட் பயிற்சி விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி வெளியே வந்தார். விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "நீங்களும் சேர்ந்து நில்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று போனை வாங்கினார். எடுத்த படத்தில் என் தலை பாதிதான் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன். லண்டன் கோல்னி, ஹாட்ஃபீல்ட்

மகள் லீவு போட்டுக் காரில் அழைத்துப் போனாள். தே ஹாவிலண்ட் விமான மியூசியம் வயலுக்கு நடுவே, சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையை ஒட்டி இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பறந்த மஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானத்தின் முதலாவதை 1940-இல் இங்கேதான் ரகசியமாகக் கட்டினார்கள். அதே விமானம், மஞ்சள் பெயிண்டோடு, இன்றும் நிற்கிறது. முழுக்க மரம். பர்ச் பிளைவுட்டுக்கு நடுவில் பால்சா. உடம்பை நெடுக்காக இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே வயரும் குழாயும் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் ஒட்டுவார்கள். அலுமினியம் தட்டுப்பாடான நேரத்தில் மேசை நாற்காலி செய்த தச்சர்களுக்கு வேலை வந்தது. குறுகிய உடம்புக்குள் கையை விட்டு எட்டாத நட்டைப் பிடித்துப் பிடித்து முழங்கை தேய்ந்த எனக்கு, ஒட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் மாட்டிவிடும் இந்த யோசனையைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

காமெட் உடம்பும் இருக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். சதுர ஜன்னல். 1953 மே மாதம் ஒன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் புயலில் உடைந்து விழுந்தது. அடுத்த ஜனவரியில் இன்னொன்று எல்பா தீவுக்கருகே. ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, உலோகச் சோர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். திறப்பின் மூலையில், துளையின் ஓரத்தில் தொடங்கும் விரிசல். துளை போட்டு, அதன் ஓரத்தில் நிற்கும் பர் என்கிற பிசிறை எடுக்காமல் விட்டதற்கு நான் எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன். இந்த ஜன்னல் முன்னால் நின்றால் அந்தத் திட்டு போதாது என்று தோன்றுகிறது.

அங்கே டீ ஊற்றிக் கொடுத்த அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். சும்மா பேச்சுக் கொடுத்தேன். 1960-களில் ஹாட்ஃபீல்ட் தே ஹாவிலண்ட் ஆலையில் டிரேசராக இருந்தவராம். டிரைடன்ட் விமான டிராயிங்குகள். இன்ஜினியர் பென்சிலில் போட்டதை, மேலே கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய துணி விரித்து, இங்க்கில் படி எடுக்கும் வேலை. பெரும்பாலும் பெண்கள். கை வியர்வை பட்டால் துணி கெட்டுவிடும். அதனால் சாக்பீஸ் தூள் தேய்த்துத்தான் தொடுவார்கள். கோடு தப்பினால் பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, மறுபடி போடவேண்டும். கழித்த துணியை வீட்டுக்கு எடுத்துப் போய் கஞ்சி போகத் துவைத்தால் அருமையான கைக்குட்டை. "எங்கள் வீட்டில் யாரும் கைக்குட்டையைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை" என்றார்.

இவர் அப்பா அதே ஆலையில் ஃபிட்டர். மகள் ஸ்டாஃப் கேன்டீன், அப்பா தொழிலாளர் கேன்டீன். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வாசலில் நுழைந்து, மதியம் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். "கறி ஒன்றுதான். எங்களுக்கு மேசை விரிப்பு உண்டு" என்றார். எங்கள் ஊரில் இதெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் திறந்து, ஆபீசர்ஸ் கேன்டீன் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

டீ 2 பவுண்டு 60. கேக்குக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஹாட்ஃபீல்ட். 1990-களில் மூடிய ஆலை. ஓடுபாதை இருந்த பக்கம் பல்கலைக்கழகமும் வீடுகளும் ஆபீஸ்களும். காமெட்டுக்காக 1950-களில் கட்டிய பிரம்மாண்டமான அலுமினிய ஹேங்கர் மட்டும் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டிடம், இடிக்க முடியாது. அதனால் உள்ளே ஜிம் நடத்துகிறார்கள். விமானம் நின்ற இடத்தில் டிரெட்மில்லில் ஜனங்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மாதக் கட்டணத்தை விசாரித்தேன், சொல்ல மாட்டேன்.

ஜூன் 14, வெள்ளி. வெய்பிரிட்ஜ்

மழை. விடிந்ததிலிருந்தே மழை. மாறவேண்டிய ஸ்டேஷனில் இறங்கினால் அடுத்த ரயில் ரத்து. அதற்கடுத்ததும் ரத்து. காரணம், டிரைவர் இல்லை. பிளாட்பாரத்தில் நாற்பது பேர் நின்றோம், ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. நம்மூராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் பின்வாசல் வழியாக ஓடியிருப்பார். கடைசியில் ஒரு அம்மா, "நான் டாக்ஸியில் போகிறேன், யாராவது பங்கு போட்டுக்கொள்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டார். நானும் இன்னொரு பையனும் ஏறினோம். மொத்தம் 33 பவுண்டு. ஆளுக்கு 11 என்று பையன் போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துச் சொன்னான்.

புரூக்லாண்ட்ஸ் 1907-இல் கார் ரேஸுக்காகக் கட்டிய இடம். சரிவாக எழுப்பிய கான்கிரீட் பாதை இன்னும் துண்டு துண்டாக நிற்கிறது. அதற்குள்தான் விக்கர்ஸ் விமான ஆலை. 1940 செப்டம்பர் 4-ஆம் தேதி மதியச் சாப்பாட்டு வேளையில் குண்டு விழுந்து 80-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள்.

இங்கே வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று இருக்கிறது. 1940-இன் கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் விழுந்து, 1985-இல் மேலே எடுத்தது. மேலே போர்த்தியிருந்த துணி போய்விட்டதால் எலும்பு தெரிகிறது. பார்ன்ஸ் வாலிஸின் யோசனை. அலுமினியப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாக, மூங்கில் கூடை முடைகிற மாதிரி பின்னியிருக்கிறார்கள். ஒரு பக்கம் குண்டு துளைத்தாலும் மற்ற பட்டைகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அதன் ஒவ்வொரு சந்திப்பிலும் பட்டைகளைக் கோர்க்கும் ரிவெட் ஆணி. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

பக்கத்தில், தொழிற்சாலை எப்படி நடந்தது என்று காட்டவே ஒரு ஹேங்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். இதுவரை பார்த்த மியூசியங்களில் வடிவமைத்தவர் பெயர் சுவரில் இருக்கிறது, ஓட்டியவர் படம் பெரிதாக இருக்கிறது, செய்தவனைத் தேடவேண்டியிருக்கிறது. இங்கே அவனுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகவே டாக்ஸிக் காசு தகும்.

அங்கே நின்றிருந்தவர் இதே ஆலையில் ரிவெட் அடித்தவர். பேச ஆரம்பித்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பி நல்ல காதைக் காட்டிக்கொண்டோம். அவருக்கு இடது, எனக்கு வலது. அதிலேயே பாதி அறிமுகம் முடிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். தகட்டுக்கு வெளியே ஒருவன் ஏர் கன்னால் அடிப்பான். உள்ளே ஒருவன் டாலி என்கிற இரும்புக்கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பான். அடி விழ விழ வால் நசுங்கித் தலையாகும். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது, சத்தத்தில் பேசவும் முடியாது. எங்கள் ஷாப்பில் உள்ளே இருப்பவன் டாலியால் தகட்டைத் தட்டுவான். ஒரு தட்டு: இன்னும் அடி. இரண்டு: சரி, அடுத்தது. மூன்று: கெட்டுப்போச்சு, துளைத்து எடு. நாள் முழுக்க இதுதான் பேச்சு. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் முட்டியால் மேசையை இரண்டு தரம் தட்டினார். நான் "அடுத்தது" என்றேன். அவர் தோளில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது.

எந்த டிராயிங்கிலும் இந்தத் தட்டு கிடையாது. எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கள் மேஸ்திரி. அவருக்கு? ஹாம்பிளிலிருந்து வந்த யாராவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

டி.எஸ்.ஆர். 2 பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. காலத்தை மீறிய வேகமும் கருவிகளும் கொண்ட குண்டுவீச்சு விமானம். பறந்தது ஒன்றே ஒன்று, அதுவும் 24 தரம்தான். 1965 ஏப்ரல் 6, பட்ஜெட் நாள். செலவு தாங்கவில்லை என்று நிதியமைச்சர் காலகன் பட்ஜெட் பேச்சிலேயே திட்டத்தை ரத்து செய்தார். "அழுதீர்களா?" என்று கேட்டேன். "அழவா? மறுநாள் காலை வழக்கம்போலக் கார்டு அடித்துவிட்டு உள்ளே போனோம். என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாள் முழுக்கச் சீட்டு ஆடினோம். என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் ஃபோர்மேனும் உட்கார்ந்து ஆடினார்." அப்புறம் ஜிக்குகளை, அதாவது விமானத்தைக் கோர்க்கும்போது பாகங்களை இடம் பிசகாமல் பிடித்து நிறுத்தும் சட்டங்களை, வெட்டச் சொன்னார்களாம். தான் மட்டம் பார்த்து நிறுத்திய ஜிக்கை, அதுவும் ஆயிரத்தில் ஐந்து இஞ்ச் கூடப் பிசகாமல் நிறுத்தியதை, அவரே நின்று வெட்டியிருக்கிறார். வேலை போனவர்களில் அவர் மைத்துனரும் ஒருவர். பால் வேன் ஓட்டப் போய்விட்டார்.

பணம் இல்லையென்றால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜிக்கை ஏன் வெட்டவேண்டும்?

ஜூன் 15, சனி. ரெடிங்

முட்டி வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம், வத்தக்குழம்பு, தூக்கம். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் நான்கு 3 பவுண்டு. சவுத்தாம்ப்டனில் வூல்ஸ்டன் ஆலையை 1940-இல் ஜெர்மானியர் குண்டு போட்டு அழித்தபின், ஸ்பிட்ஃபயர் வேலையைப் பல ஊர்களின் கராஜ்களுக்கும் சலவைக்கூடங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள், அதில் ரெடிங்கும் உண்டு என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறார், தெரியாது. "மாமா, நாளைக்கும் போகிறீர்களா?" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு. ஃபில்டன்

போனேன். பிரிஸ்டல் பார்க்வே ஸ்டேஷன், அங்கிருந்து பஸ். ஊரெல்லாம் வெள்ளையில் சிவப்புச் சிலுவைக் கொடி. இன்று இரவு யூரோ கோப்பையில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம், செர்பியாவோடு.

ஃபில்டன் மியூசியத்தில், ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானங்களில் ஒன்று, ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட் என்று கூப்பிடுவது. கடைசியாகக் கட்டியதும் இதுதான், 2003 நவம்பர் 26-இல் கடைசியாகப் பறந்ததும் இதுதான். பறந்து வந்து இறங்கியது பிறந்த ஓடுபாதையிலேயே. அந்த ஓடுபாதையையும் 2012-இல் மூடிவிட்டார்கள். உள்ளே ஏறினால் நினைத்ததைவிடக் குறுகல். எங்கள் பெங்களூர் ஆம்னி பஸ் தேவலை. பறக்கும்போது சூட்டில் உடம்பு சில அங்குலம் நீளுமாம்.

கீழே நின்றிருந்த பெரியவர் இதன் இறுதிக் கோர்வையில் வேலை பார்த்த எலெக்ட்ரிஷியன். அவர் அப்பா பிரபசான் என்ற ராட்சதப் பயணிகள் விமானத்தில் ரிவெட் அடித்தவர். 230 அடி இறக்கை, எட்டு இன்ஜின். அதற்கு ஓடுபாதை போதவில்லை என்று சார்ல்டன் என்ற கிராமத்தையே இடித்தார்கள். 1949 செப்டம்பரில் பறந்தது. வாங்க ஆள் வரவில்லை. 1953-இல் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அப்பா கட்டியதும் அதே கை, உடைத்ததும் அதே கை. கிராமம் போனது போனதுதான். இப்போது ஓடுபாதையில் எழும் புதுக் குடியிருப்புக்குப் பிரபசான் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நாட் விமானத்தின் ஆர்ஃபியஸ் இன்ஜின் இந்த ஊர் பிரிஸ்டல் கம்பெனியின் சரக்கு. அதையே பெங்களூரில் லைசென்ஸில் செய்தோம். ஹாரியர் சண்டை விமானத்தை நின்ற இடத்திலிருந்து தூக்கும் பெகாசஸ் இன்ஜினுக்கும் தொடக்கம் அந்த ஆர்ஃபியஸ்தான். இதைச் சொன்னதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு ரகசியம் சொன்னார். கடைசி கான்கார்டு என்று தெரிந்தபின், கேபின் உட்பேனல் மாட்டுவதற்கு முன்னால், பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதினார்களாம். அவரும் எழுதினார். எந்தப் பேனல் என்று சொன்னார், நான் சொல்லமாட்டேன். இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லையா என்றேன். "அவர் பெயர்தான் முதலில் இருக்கும்" என்றார்.

நானாக இருந்தால் ரிஜெக்ட் டேக் கட்டியிருப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பது வருடப் பழக்கம். மறுபடி மேலே ஏறி, அந்தப் பேனல் பக்கத்து இருக்கையில், மியூசியம் ஆள் இறங்கச் சொல்லிக் கைகாட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். தொடக்கூடாது என்று போர்டு இருக்கிறது.

மூடும் நேரம் ஆனதும் அவரே காரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து பப்பில் இறக்கினார், கூடவே தானும் இறங்கினார். எனக்கு ஆரஞ்சு ஜூஸ், அவருக்குப் பியர், இரண்டும் சேர்த்து 8 பவுண்டு 90. காசு கொடுக்க நான் எழுந்தால் அவர் உட்கார வைக்கிறார், அவர் எழுந்தால் நான். கவுண்டர் பெண் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என் கார்டை எடுத்துக்கொண்டாள். 13-ஆவது நிமிடத்தில் பெலிங்கம் தலையால் முட்டி கோல் போட்டார். பப் முழுக்கக் கூரை அதிரக் கத்தியது. எங்கள் மேசையில் பியர் கவிழ்ந்தது, என் பேன்ட் நனைந்தது. பெரியவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்.

இடைவேளையில் கிளம்பினேன். ரயிலில் உட்கார இடமில்லை, ஸ்விண்டன் வரை நின்றேன். பியர் வாசனையோடு நிற்கும் என்னை ஒரு பாட்டி முறைத்துக்கொண்டே வந்தார். ஃபார்ன்பரோ மியூசியம் வாரக் கடைசியில்தான் திறக்குமாம். மாப்பிள்ளை அடுத்த சனிக்கிழமை தானும் வருவதாக மெசேஜ் போட்டிருக்கிறார்.